பதில்: செரிஃப், இட்டாலிக் – தமிழில் எப்படிச் சொல்வது?

நண்பர்களுக்கு வணக்கம்.

ரோமன் எழுத்துருக்களில் வரும் ‘போல்ட் இட்டாலிக் செரிஃப்’ என்பதைத் தமிழில் எப்படிச் சொல்வது என்று எல்லோரும் எழுதிய மடல்களை இரண்டு நாளாகப் படித்தேன். செரிஃப் என்பது எழுத்தின் கோடு முடிகிற முனையில் வரும் சின்ன முடிப்பு. இட்டாலிக் என்பது வலப்பக்கம் சரிந்தாற்போல வரும் எழுத்து வகை. ‘தடித்த சாய்வு செரிஃப்’ என்று எழுதிவிட்டுப் போகலாமே, இதில் பேச என்ன இருக்கிறது என்று ஐயா கேட்டிருந்தார். ‘தடித்த’ சரி, அதில் எனக்கு வழக்கில்லை. ‘சாய்வு’தான் இடிக்கிறது. என் மேசையில் நடந்ததைச் சொன்னால் விளங்கும்.

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் டிடிபி (கணினியில் அச்சுப் பக்கம் அமைக்கும்) வேலை செய்கிறேன். போன வாரம் ஏற்காட்டுக் காப்பித் தோட்டம் ஒன்றுக்குச் செடிப் பெயர்ப்பலகை. காஃபியா அராபிகா என்ற அறிவியல் பெயர் ரோமன் எழுத்தில் தலைப்பாக வர வேண்டும். தலைப்பு என்றால் தடித்திருக்க வேண்டும். பேரினம், சிற்றினப் பெயர் என்றால் இட்டாலிக்கில் இருக்க வேண்டும். என்னிடம் இருந்த எழுத்துருவில் சாதா, தடித்தது, இட்டாலிக் என்று மூன்று கோப்புகள்தான். இரண்டும் சேர்ந்த நான்காவது இல்லை. தடிப்புக்கான பி, இட்டாலிக்குக்கான ஐ இரண்டு பொத்தானையும் அமுக்கினேன். மென்பொருள் தடித்த எழுத்தை அப்படியே பிடித்து வலப்பக்கம் தள்ளிக் கொடுத்தது.

அந்தப் பெயரில் சின்ன ‘ஏ’ நான்கு இடத்தில் வருகிறது. நான்கிலும் மேலே கொக்கி, கீழே வயிறு என்று நேர் எழுத்தின் உருவமே சரிந்து நின்றது. உண்மையான இட்டாலிக்கில் அந்தக் கொக்கி இருக்காது. நாம் கையால் எழுதுவது போல ஒரு வட்டமும் அதன் ஓரத்தில் ஒரு கோடும்தான். சின்ன ‘எஃப்’ பல இட்டாலிக்குகளில் வரிக்குக் கீழே வால் இறக்கும். இங்கே இரண்டு ‘எஃப்’பும் தரையிலேயே நின்றுவிட்டன. அப்படியே அனுப்ப மனம் வரவில்லை. நான்கு கோப்பும் உள்ள டைம்ஸ் நியூ ரோமனுக்கு மாற்றித்தான் கொடுத்தேன்.

இட்டாலிக்கின் பிறப்பு கையெழுத்தில் இருக்கிறது. வெனிஸ் நகரில் ஆல்டஸ் மனூட்டியஸ் என்ற பதிப்பாளர் 1501இல் ரோமானியக் கவிஞர் வர்ஜிலின் கவிதைகளை முழுக்க அந்த எழுத்தில் அச்சிட்டார். அதற்கான அச்செழுத்துகளை வெட்டிய ஃபிரான்செஸ்கோ கிரிஃபோ, அக்காலத்துப் படிப்பாளிகள் வேகமாக எழுதிய கையெழுத்தை ஒட்டி வெட்டினார். அந்த நூலில் பெரிய எழுத்துகள் சாயவே இல்லை, நிமிர்ந்துதான் நின்றன. அப்புறம் எப்படிச் சாய்வை வைத்து அதற்குப் பெயர் சூட்டுவது? என் பரிந்துரை ‘கையோட்டம்’. வெறுமனே சரித்து வைத்த ஒப்ளிக்குக்குச் ‘சாய்வெழுத்து’ இருக்கட்டும். அதற்குத்தான் அந்தச் சொல் பொருந்தும்.

செரிஃபுக்கு ‘பூண்’ என்று சொன்ன அம்மாவின் மடலைப் படித்ததும் துள்ளிவிட்டேன். உலக்கை முனையில் பூண், கைத்தடி முனையில் வெள்ளிப் பூண். கோடு முடிகிற இடத்தில் ஒரு பிடிப்பு. நேர் எழுத்துக்கு அருமையான சொல். ஆனால் கையோட்டத்தில் அடிமுனை தட்டையாக உட்காருவதில்லை. பேனா காகிதத்தைத் தொடும்போதும் விடும்போதும் விழுகிற சின்ன வளைவாக மாறிவிடுகிறது. வளைந்ததைப் பூண் என்றால் ஒட்டாது. ‘முனைக்கோடு’ என்று வைத்தாலும் அப்படித்தான், நேர்கோட்டையே நினைவூட்டும்.

நான் நினைப்பது ‘கீற்று’. நெற்றியில் இடுகிற சந்தனக் கீற்று நேராக இருக்கிறது, பிறைக்கீற்று வளைந்திருக்கிறது. இரண்டும் நம் வாயில் கீற்றுதான். செரிஃப் என்பது ‘முனைக்கீற்று’, அது உள்ள எழுத்து ‘கீற்றெழுத்து’. இல்லாததைக் ‘கீற்றிலா எழுத்து’ என்று சொல்லிப் பார்த்தேன், நாக்கில் தடங்கல் இல்லை. தென்னங்கீற்றோடு குழம்பாதா என்றால், எழுத்து என்ற சொல் பக்கத்திலேயே நிற்கும்போது யாரும் குழம்பமாட்டார்கள்.

மூன்றையும் சேர்த்தால் ‘தடித்த கையோட்டக் கீற்றெழுத்து’. நீளம்தான். பேச்சில் ‘தடித்த கையோட்டம்’ என்று சுருங்கிவிடும். அந்தத் தடிப்பும் எல்லாக் கோட்டிலும் சமமாக ஏறுவதில்லை. தடித்த கோடு நன்றாகத் தடிக்கும், மெல்லிய கோடு பெரும்பாலும் மெல்லியதாகவே நிற்கும். அந்த வேறுபாட்டை விட்டுவிட்டால் சின்ன ‘ஈ’யின் கண் அடைந்து கறுப்புப் புள்ளியாகிவிடும். இந்த எழுத்து யாருக்கு வேண்டும் என்று ஒருவர் கேட்டிருந்தார். தலைப்பில் வரும் செடிப் பெயரை விடுங்கள், இயற்பியலில் திசையன்களின் (அளவோடு திசையும் உள்ளவற்றின்) குறிகளை அச்சிட உலகத் தரம் சொல்வதே தடித்த கையோட்டம்தான். பாடநூலில் ஒரு குறி தடித்ததா இல்லையா என்பதில் பொருளே மாறிவிடும்.

தமிழ் எழுத்தையும் இப்படிச் சரிக்கலாமா என்று கேட்டவர்களுக்கு: செய்யாதீர்கள். சரிக்கும்போது உயரத்தில் இருப்பதுதான் அதிகம் நகரும். ‘க்’கின் புள்ளி அடுத்த எழுத்தின் தலைமேல் போய் உட்கார்ந்துகொள்ளும். நமக்கு அழுத்தம் காட்டத் தடிப்பு போதும்.

பலகையின் இரண்டு வடிவங்களையும் படமாக இணைத்திருக்கிறேன். பெரிதாக்கி அந்த நான்கு ‘ஏ’யையும் பார்த்துவிட்டு, ‘கீற்று’க்கு ஆட்சேபம் இருந்தால் ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதுங்கள். அதன்பின் சொற்பட்டியலில் சேர்த்துவிடுகிறேன்.