சொல் வேண்டும்: எஞ்சின் ஆயிலை வடிக்கும் அந்தத் திருகுக்கு

அவிநாசியிலிருந்து:

அனைவருக்கும் வணக்கமுங்க. வெள்ளிக்கிழமை சாயங்காலம் திருப்பூரில் அச்சுக்குப் போக வேண்டிய எட்டுப் பக்கக் கையேடு ஒரே ஒரு சொல்லில் வந்து நிற்கிறது.

சொந்தக் காருக்கு வீட்டிலேயே எஞ்சின் ஆயில் மாற்றிக்கொள்ள ஞாயிற்றுக்கிழமைகளில் சொல்லித் தருகிறேன். போன முறை கொடுத்த தாளில் "எண்ணெய் அடைப்பானைக் கழற்றவும்" என்று எழுதியது நான்தான். வகுப்புக்கு வந்த ஒருவர் வீட்டுக்குப் போய்ச் செய்தபோது காருக்கு அடியில் இரண்டு திருகுகள் தெரிந்திருக்கின்றன. அவர் கழற்றியது கியர்பாக்ஸ் திருகை. கியர் ஆயில் முழுக்க இறங்கிவிட்டது. அது தெரியாமல் எஞ்சினில் இருந்த பழைய ஆயிலுக்கு மேலேயே மூன்று லிட்டர் புது ஆயிலை ஊற்றிவிட்டார். ஆயில் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக்கை இழுத்துப் பார்த்தபோது ஆயில் மேல்கோட்டைத் தாண்டி ஏறி நிற்க, ஸ்டார்ட் செய்யாமல் எனக்குப் போன் போட்டார். செய்திருந்தால் கியர்பாக்ஸ் வறண்டு ஓடியிருக்கும், எஞ்சினில் ஆயில் நுரைத்திருக்கும். குற்றம் அவர்மேல் இல்லை, என் சொல்மேல்.

எஞ்சினின் அடித்தட்டில், ஆகத் தாழ்ந்த இடத்தில், ஒரு வாசரோடு முடுக்கியிருக்கும் அந்தத் திருகுக்கு ஒரு தமிழ்ச்சொல் வேண்டும். மேலே ஆயில் ஊற்றுகிற மூடியோடும் கியர்பாக்ஸ் திருகோடும் அது குழம்பக் கூடாது.

திருச்செங்கோட்டிலிருந்து:

சொல்லு இருக்குதுங்களே, டிரெயின் நட்டு. முப்பது வருசமா ரிக் வண்டிக்கும் கம்ப்ரசருக்கும் ஆயில் மாத்தறேன். பீகார்ல போர் போடப் போனாலும் ராஜஸ்தான்ல போட்டாலும், கடையில "டிரெயின் நட்டு வாசர்"னு கேட்டா எடுத்துக் குடுக்கறாங்க. ஜி. டி. நாயுடு 1920இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் பஸ் விட்ட நாள்ல இருந்து இந்தச் சீமையில ஸ்பேனர் புடிக்கறாங்க. நூறு வருசமாப் பட்டறையில புழங்கற சொல்லு தமிழ் இல்லீன்னு யாருங்க சொல்றது? உங்க வகுப்புக்கு வர்றவரு நாளைக்கு மரை போயிட்டா எங்களை மாதிரி ஆளுகிட்டத்தான் வரணும். அப்ப அவரு வாயில எங்க சொல்லு இருக்கோணும்.

கோபியிலிருந்து:

தம்பி சொல்வதில் முதலில் ஒரு பிழையைத் திருத்திவிடுகிறேன். நட்டுக்கு மரை உள்ளே வெட்டியிருக்கும். நீங்கள் கழற்றுவதற்குத் தலை உண்டு, மரை வெளியே இருக்கிறது. அது போல்ட்டு. நூறு வருடம் புழங்கிய சொல்லே பொருளைத் தப்பாகச் சொல்கிறது.

இனி எண்ணெய். எள் + நெய் = எண்ணெய், இது பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். எள்ளில்லாத ஒன்றை எண்ணெய் என்று கையேட்டில் எழுதலாமா என்று முன்பு நானே கேட்டிருக்கிறேன். இப்போது கேட்கவில்லை. தேங்காய் எண்ணெய் என்று சொல்லத் தொடங்கிய நாளிலேயே எள் அந்தச் சொல்லிலிருந்து உதிர்ந்துவிட்டது. மண்ணெண்ணெய்க்கு எந்த மண்ணில் எள் விதைத்தார்கள்? ஆகவே "எஞ்சின் எண்ணெய்" இருக்கட்டும்.

திருகுக்கு என் சொல் மடைத்திருகு. மடை திறந்தால் தேங்கியது முழுவதும் பாயும். காளிங்கராயன் வாய்க்காலிலும் கீழ்பவானியிலும் மடை திருப்பி வளர்ந்த பிள்ளைகளுக்கு அந்தச் சொல்லை யாரும் விளக்க வேண்டியதில்லை. "மடை திறந்தாற்போல" என்று சொல்லும்போதே கண்முன்னே ஒழுகுகிறது. பழைய ஏரிகளில் தண்ணீரை வெளியே விடும் தூம்பையும் நினைத்தேன். ஆனால் இன்றைய பிள்ளைகள் அந்தச் சொல்லைக் கேட்டதில்லை.

வண்டிக்குத் தமிழில் சொல் இல்லை என்பவர்களுக்காக ஒன்று. புறநானூறு 102இல் ஔவையார் அதியமான் மகன் பொகுட்டெழினியைப் பாடுகிறார். "எருதே இளைய, நுகம் உணராவே, சகடம் பண்டம் பெரிது பெய்தன்றே." உப்பு வணிகர் பள்ளத்திலும் மேட்டிலும் என்ன ஆகுமோ என்று வண்டியின் அடிமரத்தில் இன்னோர் அச்சைக் கட்டிக்கொண்டு போகிறார்கள். அதற்குப் பெயர் சேம அச்சு. ஸ்டெப்னிக்கு நாம் இன்னும் சொல் தேடிக்கொண்டிருக்கிறோம். அதியமானின் தகடூர்ச் சாலையில் அது எப்போதோ ஓடிக்கொண்டிருந்தது!

காங்கேயத்திலிருந்து:

ஐயா, மடை பற்றிப் பிறகு சொல்கிறேன். முதலில் அவிநாசி அண்ணா "அடைப்பான்" என்ற சொல்லைத் தயவுசெய்து எடுத்துவிட வேண்டும். மாடு வைத்திருக்கிற வீட்டில் அடைப்பான் என்றால் ஒரே பொருள்தான், ஆந்த்ராக்ஸ். தொண்டை அடைப்பானும் நோய்தான். கட்டுத்தறியில் அந்தச் சொல்லை யாரும் சும்மா வாயில் எடுக்க மாட்டார்கள். "அடைப்பு" என்று குறைத்தாலும் ஆகாது. "எண்ணெய் அடைப்பு" என்று படித்தால் ஆயில் போகிற வழி அடைத்துக்கொண்டது என்றுதான் தோன்றும்.

வண்டி என்றதும் எங்கள் அப்புச்சி ஞாபகம் வருகிறது. வைக்கோலைச் சுட்டுக் கரியாக்கி, விளக்கெண்ணெய் விட்டுக் குழைத்து, மூங்கில் குழாயில் அடைத்து வைத்திருப்பார். அதுதான் வண்டி மை. சந்தைக்குப் போகும் முன்பு வெள்ளென எழுந்து அச்சுக்குப் பூசுவார். காஸ்ட்ரால் என்ற ஆயில் பெயரும் அந்த ஆமணக்கின் ஆங்கிலப் பெயரான காஸ்டரிலிருந்து வந்ததுதான். முதல் உலகப் போர்க்கால விமானங்கள் பலவற்றுக்கு ஆமணக்கெண்ணெய்தான் ஊற்றினார்கள். ஆயிலுக்கு "மை" என்று வைத்தால் என்ன என்று எனக்கு ஓர் ஆசை. ஆனால் கையேட்டைப் படிப்பவர் பேனா மை என்று நினைத்துக்கொள்வார். ஆசையோடு விட்டுவிடுகிறேன்.

கோவையிலிருந்து:

2010இல் அண்ணா பல்கலைக்கழகம் இயந்திரவியலைத் தமிழ்வழியில் தொடங்கிய பிறகு, அந்த மாணவர்களுக்குப் பாடம் எடுத்தவள் என்ற முறையில் எழுதுகிறேன்.

பாடப்புத்தகத்தில் ஆயிலுக்கு உயவு எண்ணெய் என்று இருக்கிறது. சிலர் மசகு எண்ணெய் என்கிறார்கள். ஆனால் இலங்கைச் செய்தித்தாள்களில் மசகு எண்ணெய் விலை ஏறியது என்றால் அது கச்சா எண்ணெய். ஒரே சொல், இரண்டு கடைக்கு இரண்டு சரக்கு. கையேட்டுக்கு இரண்டும் வேண்டாம், "எஞ்சின் ஆயில்" போதும்.

அடித்தட்டை "சம்ப்" என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். கோவையில் சம்ப் என்றால் வாசலில் சிறுவாணித் தண்ணீர் நிற்கிற தொட்டி. முதலாண்டு மாணவர் ஒருவர் எஞ்சின் படத்தில் சம்ப் எங்கே என்று கேட்டதற்கு, காருக்கு எதற்குங்க தண்ணித்தொட்டி என்றார். அவர் கேட்டது நியாயம். பட்டறையில் சேம்பர் என்கிறார்கள், அதையே எழுதலாம்.

திருகுக்கு வடிதிருகு என்று வைக்கலாம். சோறு வடிக்கிறோம், கஞ்சி வடிக்கிறோம், பாத்திரத்தில் இருப்பது முழுக்க வெளியேறினால்தான் வடித்தது. மடை அப்படியல்ல, வேண்டுமளவு விட்டு அடைப்பது. வினைத்தொகை என்பதால் வல்லினம் மிகாது. ஊறுகாய் போல, சுடுசோறு போல, வடிதிருகு. "வடித்திருகு" என்று யாரும் ஒற்றுப் போட்டுவிட வேண்டாம்.

கோபியிலிருந்து:

இலக்கணம் சரி அம்மா. ஆனால் பில்டருக்கு வடிகட்டி என்று ஏற்கெனவே வைத்தாயிற்று. ஆயில் மாற்றும்போது வடிகட்டியையும் கழற்றுகிறார்கள். ஒரே பக்கத்தில் வடிகட்டி, வடிதிருகு, ஆயிலைப் பிடிக்கிற வடிதட்டு என்று மூன்று வடி வந்தால், அடைப்பானில் நடந்த குழப்பம் மறுபடியும் நடக்காதா? மடைத்திருகில் அந்தத் தொல்லை இல்லை.

தொல்காப்பியர் "வடசொற் கிளவி வடவெழுத்து ஒரீஇ" என்று, வடசொல்லை அதன் எழுத்தை நீக்கித் தமிழில் எடுத்துக்கொள்ள வழி விட்டதை டிரெயின் நட்டு கட்சியார் இழுப்பார்கள் என்று எதிர்பார்த்தேன், இழுக்கவில்லை. இழுத்திருந்தாலும், இருக்கிற சொல்லைத் தள்ளிவிட்டு வாங்கச் சொல்லி அவர் எங்கும் சொல்லவில்லை என்பதே என் பதில்.

ஆயில் டப்பாவில் 5டபிள்யூ-30 என்று போட்டிருப்பதை எப்படி விளக்கப் போகிறீர்கள் என்பதும் தெரியவில்லை. பாகுத்தன்மை என்றே எழுதுங்கள். எங்கள் பக்கம் கவுந்தப்பாடியில் சர்க்கரை காய்ச்சுகிற கொப்பரையைப் பார்த்தவருக்குப் பாகு சூட்டில் இளகுவதும் ஆறினால் இறுகுவதும் தெரியும். டபிள்யூ குளிர்காலம், அதன் முன்னால் உள்ள எண் குளிரில் எவ்வளவு இளக்கமாக ஓடும் என்பதற்கு. பின்னால் உள்ள 30, எஞ்சின் சூடேறி 100 டிகிரியில் இருக்கும்போது உள்ள பாகுக்கு. இதைவிட நல்ல சொல் எந்த மொழியிலும் கிடைக்காது.

பொள்ளாச்சியிலிருந்து:

ஓரியாட்டம் போதுமுங்க, நான் சித்தப் பேசறேன். அந்த வகுப்புக்கு நானும் வந்தவள்தான்.

எஞ்சினை அஞ்சு நிமிஷம் ஓட விட்டு அணைத்து, சக்கரத்துக்குக் கல் கொடுத்து, ஜாக்கை மட்டும் நம்பாமல் ஸ்டாண்டு வைத்து, காருக்கு அடியில் மல்லாந்து படுத்திருக்கிறேன். முகத்துக்கு ஒரு சாண் மேலே அந்தத் திருகு. ஸ்பேனர் போட்டு இளக்கியாச்சு. கடைசி ரெண்டு சுற்றைக் கையால் திருப்பும்போது மேல்நோக்கி அழுத்திப் பிடித்துக்கொண்டே திருப்பி, சட்டென்று விலக்கணும். இல்லையென்றால் சூடான ஆயில் மணிக்கட்டு வழியாக முழங்கைக்கு வந்துவிடும். அந்த நேரத்தில் புறநானூறும் ஞாபகம் வராது, வினைத்தொகையும் வராது. தாளில் பார்த்த சொல்லில் "எஞ்சின்" என்று இருந்ததா, "கியர்பாக்ஸ்" என்று இருந்ததா, அது ஒன்றுதான் ஞாபகம் இருக்கும்.

அதனால் எந்தச் சொல் வைத்தாலும் அதன் முன்னால் இடத்தைச் சேர்த்து எழுதுங்க. எஞ்சின் வடிதிருகு, கியர்பாக்ஸ் வடிதிருகு. ஐயா சொல்கிற மூணு வடி எனக்குக் குழப்பமாகத் தெரியவில்லை. வடிகட்டியைக் கழற்றுகிற உருளை மாதிரிதான் பார்க்கிறோம், அதைத் திருகு என்று யாரும் நினைக்க மாட்டோம். இதையும் சேருங்க: கழற்றினதும் வருவது கருப்பாக இல்லை என்றால் உடனே மூடிவிட்டு யாரையாவது கேள். மாதக்கணக்கில் ஓடின எஞ்சின் ஆயில் கருத்துத்தான் இருக்கும். இந்த ஒரு வரி போன முறை தாளில் இருந்திருந்தால் அந்த அண்ணன் தப்பித்திருப்பார்.

திருச்செங்கோட்டிலிருந்து:

அக்கா சொன்னது நெசமுங்க. வடிதிருகுன்னு போட்டாலும் எனக்கு ஒண்ணுமில்லை, ஆனா பக்கத்துலயே "பட்டறையில் டிரெயின் நட்டு என்பார்கள்"னு ஒரு வரி இருக்கோணும். அப்புறம், முடுக்கறதைப் பத்தி எழுதுங்க. வீட்டுல செய்யறவங்க ஒழுகிருமோங்கற பயத்துல ஸ்பேனர் மேல ஏறி நிக்கறாங்க. நெறையக் கார்ல சேம்பரு அலுமினியம், போல்ட்டு இரும்பு. மரை சேம்பர்லதான் போகும். அப்படிப் போன சேம்பரை வருசத்துக்குப் பத்துப் பதினஞ்சு பாக்கறேன். புது வாசர் போட்டு, காரோட வந்த கையேட்டுல இருக்கற அளவுக்கு முடுக்குனா போதும், சொட்டாது.

காங்கேயத்திலிருந்து:

எனக்கும் எஞ்சின் வடிதிருகு சரி. மடை எங்கள் பக்கம் கோயிலில் போடுகிற படையலும்கூட, அதனால் என் மனசு அங்கே போகிறது.

பழைய ஆயிலைப் பற்றியும் எழுத வேண்டும். கரையான் வராது என்று வேலிக் கம்பத்துக்குப் பூசுகிறார்கள், மிச்சத்தைக் கிணற்றடியில் ஊற்றுகிறார்கள். மத்திய அரசின் 2016 அபாயக் கழிவு விதிகளின்படி அது அபாயக் கழிவு. கேனில் பிடித்து, பழைய ஆயில் எடுக்கிறவர்களிடம் கொடுக்கும் பட்டறையில் சேர்க்கச் சொல்லுங்கள். நாங்கள் குடிக்கிற தண்ணீர் அந்தக் கிணற்றில்தான் இருக்கிறது.

அவிநாசியிலிருந்து:

எல்லோருக்கும் நன்றிங்க. நேரம் முடிந்துவிட்டது. நான்கு பேர் பக்கம் சாய்கிறேன்: எஞ்சின் வடிதிருகு, கியர்பாக்ஸ் வடிதிருகு, சேம்பர், மேலே ஊற்றுமூடி. டிரெயின் நட்டு என்ற வரியும் படத்துக்குக் கீழே வருகிறது. கருப்பு ஆயில் எச்சரிக்கையைத் தடித்த எழுத்தில் போடச் சொல்லிவிட்டேன். கிணற்றடி பற்றிய வரி கடைசிப் பக்கத்தில். பாகுத்தன்மைக்குக் கவுந்தப்பாடிக் கொப்பரையையே உவமையாக எடுத்துக்கொண்டேன் ஐயா, அது உங்களுடையது.

வாசருக்கு மட்டும் சொல் வைக்கவில்லை. வளையம் என்றால் பிஸ்டன் வளையத்தோடு மோதுகிறது.

கோபியிலிருந்து:

அச்சடியுங்கள் தம்பி, பிள்ளைகள் பிழையில்லாமல் கழற்றினால் போதும். ஆனால் மடைத்திருகை நான் கைவிடவில்லை. அடுத்த பதிப்பு வரும்போது மறுபடியும் எழுதுவேன். வாசருக்குச் "சில்லு" என்று ஒன்று தோன்றுகிறது. பாண்டி ஆடுகிற சில்லு, வண்டிச் சில்லு என்று அந்தச் சொல்லுக்கு ஒரு நீண்ட கதை இருக்கிறது. நாளைக் காலையில் எழுதுகிறேன்.