ஒத்தியங்கா நிரலில் இசைவும் சீட்டும்: ஒரு கலைச்சொல் முன்மொழிவு

குழுவினருக்கு வணக்கம்.

இணைய ஏபிஐகளை (ஒரு நிரல் இன்னொன்றின் சேவையைக் கேட்டுப் பெறும் இடைமுகங்களை) அழைக்கும் பைத்தான் நிரல்களுக்காக, பல திட்டங்களில் எடுத்தாளத்தக்க ஒத்தியங்கா (அசிங்க்ரனஸ்: ஒரு வேலை விடைக்காகக் காத்திருக்கும்போதே மற்றவை நடக்கும்) ஆதரைசேஷன் வகுப்பு (கிளாஸ்) ஒன்றைத் தமிழ் ஆவணத்துடன் வெளியிட விரும்பும் நண்பர், அதற்கு என்ன பெயர் இடலாம் என்று கேட்டிருந்தார். மறுமொழிகளில் 'அங்கீகார வகுப்பு', 'ஏற்புறுதி வகுப்பு', 'அதிகாரமளிக்கும் இனக்குழு' ஆகிய மூன்றும் முன்வைக்கப்பட்டுள்ளன. மூன்றும் 'ஆதரைசேஷன் கிளாஸ்' என்ற ஆங்கிலச் சொல்லை எதிரில் வைத்துக்கொண்டு ஆக்கப்பட்டவை. அந்த வகுப்பு உண்மையில் என்ன வேலை செய்கிறது என்பதிலிருந்து பிறந்தவை அல்ல. ஆகவே வேலையை முதலில் சொல்லிவிட்டுப் பெயருக்கு வருகிறேன்.

இன்று பெரும்பாலான ஏபிஐகள் பின்பற்றும் ஓஆத் 2.0 நெறிமுறை, 2012 அக்டோபரில் ஆர்எஃப்சி 6749 என்ற இணையத் தர ஆவணமாக வெளிவந்தது. அதில் நான்கு தரப்புகள் உண்டு: வளத்தின் உரிமையாளர், அவர் சார்பில் வளத்தை அணுக விரும்பும் நிரல், அணுகலாம் என்று டோக்கன் (அணுகும் உரிமையைக் காட்டும் குறிச்சரம்) தரும் வழங்கி (சர்வர்), வளத்தை வைத்திருக்கும் வழங்கி. உரிமையாளர் தம் கடவுச்சொல்லை நிரலிடம் கொடுப்பதில்லை. இன்ன வளத்தை, இன்ன வரம்புக்குள் அணுகலாம் என்று ஒப்புக்கொள்கிறார். அதன்பேரில் நிரலுக்கு ஒரு டோக்கன் கிடைக்கிறது. வெளிநாட்டில் இருப்பவர் ஊரிலுள்ள நிலத்தைப் பார்த்துக்கொள்ள உறவினருக்குப் பவர் பத்திரம் எழுதிக் கொடுப்பது போன்ற ஏற்பாடு இது. பத்திரம் பெற்றவர் உரிமையாளர் ஆகிவிடுவதில்லை. எழுதியதற்கு மேல் எதையும் செய்ய அவருக்கு உரிமையில்லை. எழுதியவர் அதை ரத்து செய்யவும் முடியும். ஒப்புமை ஓரிடத்தில் மட்டும் முறிகிறது. பத்திரத்தில் முகவரின் பெயர் இருக்கும். ஆர்எஃப்சி 6750 வரையறுக்கும் டோக்கனோ யார் கையில் இருக்கிறதோ அவருக்கெல்லாம் செல்லும்.

இங்கே இரண்டு வினைகள் தனித்தனியே நிற்கின்றன. வந்திருப்பவர் தாம் சொல்லும் ஆள்தானா என்று பார்ப்பது ஒன்று. அவர் இதைச் செய்யலாமா என்று முடிவு செய்வது மற்றொன்று. தமிழில் 'அங்கீகாரம்' இரண்டுக்கும் புழங்குகிறது. போதாக்குறைக்குப் பள்ளிக்குக் கிடைக்கும் அரசு அங்கீகாரத்துக்கும் அதுவே சொல். எந்த வினைக்கு அதை ஒதுக்கினாலும் படிப்பவர்களில் ஒரு பகுதியினர் மற்றதாகவே புரிந்துகொள்வார்கள் என்பதால், இத்துறையில் அதை முழுவதுமாகக் கைவிடுவதே நல்லது. 'அதிகாரமளித்தல்' பொருள் அளவில் குறையற்றது. ஆனால் 'மகளிர் அதிகாரமளித்தல்' போன்ற தொடர்களால் அது வேறொரு பொருளில் வேரூன்றிவிட்டது. 'அனுமதி' என்பதைக் கோப்புகளுக்கான படிக்கும், எழுதும் உரிமைகளுக்கு ஏற்கெனவே கொடுத்துவிட்டோம்.

குழப்பம் தமிழுக்கு மட்டும் உரியதும் அன்று. எச்டிடிபி நெறிமுறையில் அடையாளச் சான்றுகளைச் சுமந்து செல்லும் தலைப்பு வரிக்கு, இரண்டாம் வினையைக் குறிக்கும் 'ஆதரைசேஷன்' என்று பெயர். வழங்கி தன் விடையோடு அனுப்பும் நிலைக்குறிகளில் 401 என்பதன் ஆங்கிலப் பெயரும் 'இசைவு பெறாதவர்' என்ற பொருளையே தருகிறது. ஆனால் 2022 ஜூனில் வந்த ஆர்எஃப்சி 9110, கோரிக்கையில் செல்லத்தக்க அடையாளச் சான்று இல்லை என்பதே அதன் பொருள் என்று விளக்குகிறது. கோரிக்கையைப் புரிந்துகொண்டும் நிறைவேற்ற மறுக்கும் நிலைக்கு 403 இருக்கிறது. ஆங்கிலப் பெயர்களைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் இந்தப் பிசகு தமிழிலும் குடியேறிவிடும். நிலைக்குறிகளை எண்ணாலும், தலைப்பு வரிகளை அவற்றின் பெயராலும் குறித்து, பொருளை மட்டும் தமிழில் விளக்குவதே என் பரிந்துரை.

முதல் வினைக்கு 'அடையாளச் சரிபார்ப்பு' போதும். நீளமானதுதான், ஆனால் முதன்முறை படிப்பவருக்கும் விளங்கும். இரண்டாவதற்கு நான் முன்மொழிவது 'இசைவு'. இடைக்காலக் கல்வெட்டுகளில் வரும் 'இசைவுத்தீட்டு', இரு தரப்பு உடன்பாட்டை எழுதிவைத்த ஆவணத்தைக் குறிக்கும். ஒருவர் இசைந்து, அந்த இசைவு எழுத்தில் பதிவாகி, இன்னொருவர் அதைக் காட்டிச் செயல்படுவது என்ற தொடர்ச்சி ஓஆத் நெறிமுறைக்குப் பொருந்திவருகிறது. இசைவு தருதல், இசைவு பெறுதல், இசைவு வரம்பு, இசைவு வழங்கி என்று எளிதாகக் கிளைக்கவும் செய்கிறது. உரிமையாளர் எவரும் இடையில் இல்லாமல் நிரலே தன் சொந்த மறைகுறியை (தனக்கென உள்ள கடவுச்சொல்லை) காட்டி டோக்கன் பெறும் முறையில் யார் இசைகிறார் என்று கேட்கலாம். அங்கும் அந்த நிரலுக்கு இன்னின்ன வளங்கள் என்று வழங்கியின் பொறுப்பாளர் முன்பே இசைந்து வைத்திருக்கிறார் என்பதால் சொல் பிழைபடுவதில்லை. உரிமையாளர் 'சரி' என்று அழுத்தும் திரையை மட்டும் 'ஒப்புதல் திரை' என்று பிரித்துச் சொல்லலாம்.

டோக்கனுக்குச் 'சீட்டு'. 'வில்லை' என்றும் ஒரு நண்பர் எழுதியிருந்தார். அது மருந்துக்கும் கண்ணாடிக்கும் பழகிய சொல். கடவுச்சீட்டு, பயணச்சீட்டு என்ற வரிசையில் வளத்தை அணுகக் காட்டும் அணுகுச் சீட்டும், அதன் காலம் முடிந்ததும் புதியதைப் பெறக் காட்டும் புதுப்பிப்புச் சீட்டும் இயல்பாக அமர்கின்றன. பேச்சில் டோக்கன் என்றே சொல்வோம். அதைத் தடுக்க வேண்டியதில்லை.

இனி 'ஒத்தியங்கா' என்பதற்கு வருகிறேன். இங்கே பலரும் 'ஒத்திசையா' என்றே எழுதுகிறார்கள். தனியே நிற்கும்போது அதில் குறையில்லை. ஆனால் 'ஒத்திசையா இசைவு வகுப்பு' என்று சேர்த்துப் படித்துப் பாருங்கள், இசைகிறதா இசையவில்லையா என்றே தெரியாது. கலைச்சொற்களை ஒவ்வொன்றாக எடுத்து ஆக்கும்போது இத்தகைய மோதல்கள் கண்ணில் படுவதில்லை. 'காத்திரா' என்ற முன்மொழிவு சுருக்கமானது, ஆனால் பைத்தானில் நிற்காது: ஒத்தியங்கா செயற்கூறின் (ஃபங்ஷன்) உள்ளேதான் 'அவெயிட்', அதாவது 'காத்திரு', என்று எழுதுகிறோம். விடை வரும்வரை அச்செயற்கூறு காத்திருக்கத்தான் செய்கிறது. காத்திருக்கும் வேளையில் நிகழ்வுச் சுழல் (வேலைகளை மாறிமாறி ஓட்டும் பகுதி) மற்ற வேலைகளைக் கவனிக்கிறது என்பதுதான் வேறுபாடு. இடையில் விட்டுப் பிறகு விட்ட இடத்திலிருந்து தொடரும் அந்தச் செயற்கூறை 'விட்டுத்தொடர் செயற்கூறு' என்று அழைக்கலாம் என்பது என் துணை முன்மொழிவு.

'அசிங்க்' என்ற ஆங்கிலச் சொல் பைத்தானுக்கே தொல்லை கொடுத்திருக்கிறது. 2014இல் 3.4 பதிப்பில் ஒத்தியங்கா நிரலுக்கான அசிங்க்ஐஓ நூலகம் சேர்ந்தது, 2015இல் 3.5 பதிப்பில் 'அசிங்க்', 'அவெயிட்' இரண்டும் தொடரமைப்பாக வந்தன, 2018இல் 3.7 பதிப்பில் அவை வேறெதற்கும் பெயராக இட முடியாத, முழுமையான ஒதுக்கப்பட்ட சொற்கள் ஆயின. அதனால் 'அசிங்க்' என்ற பெயரில் கோப்பு வைத்திருந்த செலரி நூலகம் அதற்கு வேறு பெயர் சூட்ட நேர்ந்தது.

வகுப்பின் மையச் செயற்கூறு ஒன்றுதான்: செல்லத்தக்க சீட்டைக் கொடு. கையிருப்புச் சீட்டின் காலம் முடியவில்லை என்றால் அதையே கொடுக்கும். முடிந்திருந்தால், அல்லது முடியும் தறுவாயில் இருந்தால், இசைவு வழங்கியிடம் புதியதைப் பெற்றுக் கொடுக்கும். வழங்கி தன் விடையில் சீட்டு எத்தனை நொடி செல்லும் என்று சொல்கிறது. ஆர்எஃப்சி 6749 காட்டும் மாதிரியில் அது 3600. கோரிக்கை வழியில் இருக்கும்போதே காலம் முடிந்துவிடலாம் என்பதால் சில நொடிகளைக் கழித்துக்கொள்வது முறை. கணினியின் கடிகாரத்தை யாரேனும் திருத்தினாலும் பின்னோக்கிச் செல்லாத 'மோனோடோனிக்' கடிகாரத்தைக் கொண்டு கணக்கிடுவது பாதுகாப்பானது. ஆனால் சீட்டைக் கோப்பில் எழுதி, கணினியை மறுபடி தொடங்கிய பின்னும் பயன்படுத்துவதானால் அந்தக் கணக்கு பொருளற்றுப் போகும். அப்போது வழக்கமான நேரமே வேண்டும்.

சிக்கல் தொடங்குவது ஒரே நேரத்தில் பல அழைப்புகள் வரும்போது. ஐம்பது அழைப்புகள் ஒன்றாகப் புறப்பட்டு, ஐம்பதும் சீட்டு காலாவதியானதைக் கண்டால், ஐம்பதும் புதுப்பிக்க ஓடும். ஒத்தியங்கா நிரலில் ஒரே இழைதானே (த்ரெட், நிரல் ஓட்டத்தின் ஒரு கிளை) ஓடுகிறது, போட்டி எப்படி வரும் என்று சிலர் நினைப்பதுண்டு. ஒவ்வொரு 'அவெயிட்' இடத்திலும் கட்டுப்பாடு கைமாறுகிறது என்பதை அவர்கள் விட்டுவிடுகிறார்கள். வழங்கிக்குச் சுமை கூடுவதோடு இது முடிந்துவிடாது. மறைகுறியை ஒளித்துவைக்க இயலாத நிரல்களுக்கு, புதுப்பிப்புச் சீட்டு அனுப்புநருடன் பிணைக்கப்பட்டிருக்க வேண்டும் அல்லது ஒவ்வொரு புதுப்பிப்பிலும் மாற்றப்பட வேண்டும் என்று 2025 ஜனவரியில் வந்த ஆர்எஃப்சி 9700 வலியுறுத்துகிறது. மாற்றும் முறையில், பழைய சீட்டு மறுபடி வந்தால் யாரோ திருடிவிட்டதாகக் கருதி வழங்கி நடப்புச் சீட்டையும் செல்லாததாக்கிவிடும். ஆக, நம் சொந்த நிரலின் இரண்டு அழைப்புகளே ஒன்றையொன்று திருடனாகக் காட்டிக்கொடுத்து, பயனரை வெளியேற்றிவிடக்கூடும்.

இதற்கு, ஒரு நேரத்தில் ஓர் அழைப்பை மட்டும் உள்ளே விடும் அசிங்க்ஐஓவின் பூட்டு இருக்கிறது. பூட்டைப் பெற்றவுடன் சீட்டை மீண்டும் ஒருமுறை பார்க்க வேண்டும், ஏனெனில் காத்திருந்த வேளையில் வேறோர் அழைப்பு புதுப்பித்து முடித்திருக்கலாம். இந்த இரண்டாவது பார்வையை விட்டுவிட்டால், புதுப்பிப்புகள் வரிசையில் நடக்குமே தவிர எண்ணிக்கை குறையாது. அந்தப் பூட்டு இழைகளுக்கிடையே பாதுகாப்புத் தராது என்பதையும் ஆவணத்தில் எழுத வேண்டும். இன்னொரு நுட்பமும் உண்டு. புதுப்பித்துக்கொண்டிருக்கும் அழைப்பு நேரக் கெடுவால் பாதியில் கைவிடப்பட்டால், வழங்கி அனுப்பிய புதிய சீட்டு நம் கைக்கு வராமலேயே தொலையும். பழையதோ ஏற்கெனவே செல்லாது. எனவே புதுப்பிப்பைத் தனிப் பணியாகத் தொடங்கி, வகுப்பே அதைப் பிடித்துவைத்திருந்து, அழைப்பவர்கள் எல்லோரும் அந்த ஒரே பணியின் முடிவுக்காக, காத்திருப்பவர் கைவிடப்பட்டாலும் பணியைக் கைவிடாத 'ஷீல்டு' வழியே காத்திருப்பதுதான் உறுதியான அமைப்பு. இதை 'ஒற்றைப் புதுப்பிப்பு' என்று சொல்லலாம். 401 வந்தால் சீட்டைப் புதுப்பித்து ஒரே ஒருமுறை மறுபடி அனுப்ப வேண்டும். அதன் பின்னும் 401 என்றால் பிழையை மேலே விட்டுவிட வேண்டும்.

எச்டிடிபி கோரிக்கைகளை அனுப்பும் எச்டிடிபிஎக்ஸ் நூலகத்தை ஒட்டி எழுதுபவர்களுக்கு 'ஆத்' என்ற அடிப்படை வகுப்பு ஆயத்தமாக இருக்கிறது. கோரிக்கையை வெளியே அனுப்பி, விடையைப் பார்த்து, தேவையானால் மீண்டும் அனுப்பும் ஓட்டத்தை அதில் எழுதலாம். ஒத்தியங்கும் வடிவையும் ஒத்தியங்கா வடிவையும் தனித்தனியே எழுதவும் அது இடம் தருகிறது. பூட்டு வருவதால் இங்கே பிரித்து எழுதத்தான் வேண்டும்.

இப்போது பெயர். மேலே கண்ட எதிலும் இந்த வகுப்பு யாருடைய அடையாளத்தையும் சரிபார்க்கவில்லை, யாருக்கும் இசைவு தரவுமில்லை. இரண்டும் வழங்கியின் வேலை. சீட்டை வைத்திருப்பது, காலம் பார்ப்பது, புதுப்பிப்பது, கேட்போருக்குக் கொடுப்பது ஆகியவையே இதன் வேலை, ஒரு சொல்லில் சொன்னால் பேணுதல். உலாவி, செயலி, வழங்கி என்ற முறைப்படி 'சீட்டுப் பேணி' என்று ஆக்கலாம். ஆனால் யாழ்ப்பாணத்து உறுப்பினர்களுக்கு உடனே மூக்குப்பேணியும் பால்பேணியும்தான் நினைவுக்கு வரும். 'காப்பாளர்' என்றால் தமிழ்நாட்டில் விடுதிக் காப்பாளர் வந்து நிற்கிறார். 'பேணுநர்' ஆளைக் குறிக்கும் ஈறு. ஆகவே சேவையகம் என்ற சொல்லாக்கத்தைப் பின்பற்றி, 'சீட்டுப்பேணகம்' என்று முன்மொழிகிறேன்; முழுப் பெயராக 'ஒத்தியங்கா சீட்டுப்பேணகம்'.

ஒரே சொல்லாகச் சேர்த்து எழுதியதற்குக் காரணம் உண்டு. பைத்தான் 3 தமிழ் எழுத்துகளாலான பெயர்களை ஏற்கிறது; ஒதுக்கப்பட்ட சொற்கள் ஆங்கிலத்திலேயே இருந்தாலும், வகுப்பின் பெயரைச் 'சீட்டுப்பேணகம்' என்றே நிரலில் எழுதலாம். பெயருக்குள் இடைவெளி கூடாது என்பதால், சேர்த்தெழுதினாலும் படிக்க முடிகிற சொல்லே இதற்கு ஏற்றது. 'கொ' என்ற எழுத்தைச் சிலர் ஒரே குறியாகவும் சிலர் ஒற்றைக் கொம்பையும் காலையும் தனித்தனியாகவும் உள்ளிடுவதால் இரு வேறு பெயர்களாகிவிடுமோ என்ற ஐயம் எழலாம். பைத்தான் பெயர்களை என்எஃப்கேசி என்ற யூனிகோடு முறையில் சீராக்கிய பின்னரே ஒப்பிடுகிறது. இரண்டும் ஒன்றாகவே கொள்ளப்படும்.

முடிவாகாமல் இருப்பது ஒரு சொல். ஆர்எஃப்சி 7009 விவரிக்கும், காலம் முடியும் முன்பே சீட்டைத் திரும்பப் பெறும் செயலுக்கு 'ரத்து', 'நீக்கம்', 'செல்லாதாக்கல்' மூன்றும் வந்துள்ளன. 'நீக்கம்' என்றால் வகுப்பு தன் நினைவகத்திலிருந்து மட்டும் அழித்துவிட்டதாகவும் பொருள்படும், வழங்கியில் சீட்டு இன்னும் உயிரோடு இருக்கலாம். எனவே அது வேண்டாம். மற்ற இரண்டில் நான் 'செல்லாதாக்கல்' பக்கம் சாய்கிறேன். மாற்றுக் கருத்து உள்ளவர்கள் தங்கள் சொல்லை 'வெளியேறும்போது பேணகம் புதுப்பிப்புச் சீட்டை …' என்று தொடங்கும் ஆவண வரியில் பொருத்தி எழுதி அனுப்புமாறு கேட்டுக்கொள்கிறேன்.