எலெக்ரிக்கல் முடிக்கப்போறன், சைற்றுக்குப் போறதோ ஒப்பிஸில இருக்கிறதோ?

பரந்தன்பிள்ளை:
வணக்கம். அறிவியல்நகர் கம்பஸில எலெக்ரிக்கல் கடைசி வருசம். கரண்ட் பக்கம்தான் வேலை செய்யோணும் எண்டு ஆசை, ஆனா அம்மா சொல்லுறா பொம்பிளைப்பிள்ளை கம்பத்துக்குக் கீழ நிண்டு என்ன செய்யப்போறாய், ஏசி ரூமுக்க டிசைன் வேலை பார், இல்லாட்டி ரீச்சிங் எடு எண்டு. மன்னாரில காத்தில கரண்ட் எடுக்கிற காத்தாடிப் பக்கமும் ஒரு கண் கிடக்கு. சைற்றில நிக்கிற அக்காமார் ஆரும் இருந்தா சொல்லுங்கோ.

மல்லாவி அக்கா:
தங்கச்சி, முதல் கொஞ்ச வருசம் சைற்றில நில்லு, பிறகு டிசைனுக்கும் போகலாம், அங்கயிருந்து இஞ்சால வாறதுதான் கஷ்டம். அம்மாட்டச் சொல்லு, கம்பத்தில ஏறுறது லைன்காரர், நீயில்ல. உன்ர வேலை 33 கேவி லைன் ஓஃப் தானோ, ரெஸ்ற் பண்ணிப் பாத்தாச்சோ, வேலை நடக்கிற இடத்துக்கு ரெண்டு பக்கமும் எர்த் போட்டு லைனை நிலத்தோட இணைச்சாச்சோ எண்டு பாத்திட்டுத்தான் வேலை தொடங்கலாம் எண்டு குடுக்கிற பேர்மிற்றில கையெழுத்து வைக்கிறது. ஆரோ ஒரு கடைக்காரன் லைனையும் ஜெனறேற்றரையும் பிரிக்கிற சேஞ்ஓவர் சுவிற்ச் இல்லாம ஜெனறேற்றரைக் கொழுவினா அது ட்ரான்ஸ்போமருக்குள்ளால ஏறி செத்த லைனையும் உயிராக்கிப்போடும், அதுதான் எர்த்தை விடுறேல்ல. உண்மையான கரைச்சல் டொய்லெற். முதல் மீற்றிங்கிலயே கொன்ராக்டரிட்டக் கேள், வெக்கப்படாத. சேப்டி சூவும் உன்ர அளவில கேட்டு வாங்கு, ஆம்பிளையளின்ர சூவுக்க துணி அடைஞ்சுகொண்டு நடக்கிற பிள்ளையளைப் பாத்திருக்கிறன், விசர் வேலை.

வவுனியா தேவா:
அக்கா சொல்லுறது பாதி சரி. ஒப்பிஸ் வேலையை சும்மா நினைக்காதேங்கோ. மன்னார் தம்பபவனி காத்தாடிப் பண்ணையில 30 காத்தாடி, ஒண்டு 3.45 மெகாவாற், மொத்தம் 103.5. சோளகத்துக்கு நல்லா ஓடும், காத்து சடாரெண்டு விழுந்தா மற்றப் பக்கத்தால ஆர் தாங்கிறது எண்டு கணக்குப் பாக்கிறவை ஸ்கிறீனுக்கு முன்னாலதான் இருக்கினம். பழுது வந்தா லைனை வெட்டச் சொல்லுற ரிலேயின்ர செற்றிங் பிழைச்சா எங்கயோ மரம் முறிஞ்சதுக்கு ஊரே இருட்டு. இந்த ரிலே வேலையைத்தான் புறொடெக்சன் எண்டுறது, அதைப் படியுங்கோ, அதுக்கு ஆள் குறைவு. மற்றது சிங்களம், அது தெரியாட்டி மீற்றிங்கில வாய் திறக்கேலாது. சாட்டர்ட் எஞ்சினியர் தகுதி எடுக்கிற எண்ணம் இருந்தா செய்யிற வேலையை அண்டண்டைக்கே எழுதி வையுங்கோ.

பரந்தன்பிள்ளை:
நன்றி அண்ணா. அக்கா, ராவில பிறேக்டவுண் வந்தா எப்பிடிப் போறனீங்கள்? அம்மா அதைத்தான் திருப்பித் திருப்பிக் கேக்கிறா.

மல்லாவி அக்கா:
ஒப்பிஸ் வாகனம், டிரைவர், ரெண்டு லைன்காரர். தனிய மோட்டச்சைக்கிளில வா எண்டு ஆரும் சொன்னா ஏலாது எண்டு சொல்லு, அது ஆம்பிளைக்கும் சரிவராது. மழைக்காலத்தில ஒட்டுசுட்டான் பக்கம் யானையும் நிக்கும். அம்மாவுக்கு யானையைச் சொல்லாத.