கோடாங்கி, குறி, மாந்திரீகம்: நல்ல புத்தகம் சொல்லுங்களேன்

வணக்கம். பேய் ஓட்டுவது, குறி சொல்வது, கண்ணேறு கழிப்பது பற்றியெல்லாம் ஆர்வமாகப் படித்து வருகிறேன். செய்து பார்க்கும் எண்ணமில்லை, படிக்க மட்டும்தான்.

சென்னை அருங்காட்சியகக் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன், தென்னிந்தியச் சகுனங்கள், நம்பிக்கைகள் பற்றி 1912இல் வெளியிட்ட ஆங்கில நூலை முடித்துவிட்டேன். கண்ணேறு, மழைச் சடங்கு என்று தகவல் கொட்டிக் கிடக்கிறது. ஆனால் எல்லாம் வெள்ளைக்கார அதிகாரியின் பார்வை. உடுக்கை அடிக்கும் கோடாங்கியே பேசுவது போல ஒன்று வேண்டும்.

அப்புறம், அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் ஜே.பி. ரைன், மறைத்து வைத்த சீட்டில் என்ன படம் என்று பார்க்காமலே மனதால் அறிய முடியுமா என 1930களில் நடத்திய சோதனைகள் பற்றியும் படித்தேன். வட்டம், கூட்டல் குறி, அலைக்கோடு, சதுரம், நட்சத்திரம் என ஐந்து படங்கள், மொத்தம் 25 சீட்டுகள். குருட்டாம்போக்கில் சொன்னாலே சராசரியாக ஐந்து சரியாக வரும். அதைத் தாண்டினால்தான் பேச்சே. மற்றவர்கள் செய்து பார்த்தபோது அவருக்குக் கிடைத்த முடிவு கிடைக்கவில்லையாம்.

தமிழில் கள ஆய்வு செய்து எழுதிய நூல்கள் தெரிந்தால் சொல்லுங்கள். ‘முப்பது நாளில் வசியம்’ ரகம் வேண்டாம், அது பேருந்து நிலையக் கடையிலேயே தொங்குகிறது. இசக்கி, நீலி கதைப்பாடல்களுக்கு நல்ல பதிப்பு எது? கடையில் கிடைக்காவிட்டாலும் சரி, எந்த நூலகத்தில் இருக்கிறது என்று சொன்னால் போதும்.