எவரெஸ்ட் உச்சிக்கு மேலே பறக்கும் வாத்தாம், யார் அளந்தது?

பொதிகைக்காற்று:
மூன்று நாளாக வாட்ஸ்அப்பில் ஒரு படம் சுற்றுகிறது. திருநெல்வேலிப் பக்கத்துக் கூந்தன்குளம் பறவைச் சரணாலயக் கரையில், குளிர்காலத்துக்கு இமயம் தாண்டி வரும் பட்டைத்தலை வாத்துகள் நிற்கின்றன, கீழே கொட்டை எழுத்தில் "எவரெஸ்ட் உச்சிக்கு மேலே பறந்து நம் குளத்துக்கு வரும் விருந்தாளி" என்று போட்டிருக்கிறது. எனக்கே நான்கு குழுக்களில் வந்துவிட்டது, ஒரு பள்ளிச் சுவரில்கூட ஒட்டியிருக்கிறார்கள். எழுதியவர் இங்கே உறுப்பினர் என்று தெரியும், அதனால் இங்கேயே கேட்கிறேன். எந்த வாத்து, எந்த நாளில், எத்தனை மீட்டர் உயரத்தில் போனது? 2013இல் வெளிவந்த ஆய்வில் 91 வாத்துகளுக்குச் செயற்கைக்கோள் கருவி மாட்டிப் பின்தொடர்ந்தார்கள். தெற்கே வரும்போது பதிவான அதிக உயரம் 7,290 மீட்டர். வடக்கே திரும்பும்போது 6,540. எவரெஸ்ட் 8,849. இடையில் 1,559 மீட்டர் இருக்கிறது, ஏற்காட்டு மலையையே தூக்கி அந்த இடைவெளியில் வைத்துவிடலாம். பிள்ளைகள் படிக்கிற சுவரில் இப்படி எழுத உங்களுக்கு எப்படி மனசு வந்தது?

கூந்தன்குளத்து_மருமகன்:
எழுதியது நான்தான். ஒளிந்துகொண்டு எழுதவில்லை, ஒளியவும் மாட்டேன். அந்த ஊரில் பெண் எடுத்து இருபத்திரண்டு வருடம் ஆகிறது. பறவைகள் மிரளும் என்று தீபாவளிக்கு வெடி போடாத ஊர் அது, அந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு வீட்டு வாசலில் நிற்கிற பறவையின் பெருமை தெரியட்டும் என்று எழுதினேன். 1953 எவரெஸ்ட் பயணக் குழுவில் இருந்த ஜார்ஜ் லோ, எவரெஸ்ட்டுக்கு மேலே இந்த வாத்துகள் பறந்ததைப் பார்த்ததாகச் சொன்னது உலகம் முழுக்கத் தெரிந்த செய்தி. மலைமேல் நின்றவர் பேச்சை நம்புவதா, திருநெல்வேலியில் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து கணக்குப் போடுகிற உங்களை நம்புவதா?

பொதிகைக்காற்று:
லோ பெரிய மலையேறி, அதில் எனக்கு ஒரு சந்தேகமும் இல்லை. ஆனால் சரிவில் நின்று அண்ணாந்து பார்க்கிறவருக்கு உச்சிக்கு அந்தப் பக்கம் போகிற பறவையும் உச்சிக்கு மேலே போகிறது போலத்தான் தெரியும். நம் ஊர்க் கோபுரத்துக்குப் பின்னால் பறக்கிற காக்கையைக் கீழே நின்று பார்த்துவிட்டு அது எத்தனை அடி உயரத்தில் போகிறது என்று சொல்லுங்கள் பார்ப்போம். அதனால்தான் கருவி மாட்டினார்கள். கருவி சொன்னது 7,290.

ஆய்வக_அக்கா:
பொதிகை தம்பி, பாதிதான் சொல்கிறீர்கள். வாத்து அங்கே போனதா என்பது ஒரு கேள்வி, அதன் உடம்பால் போக முடியுமா என்பது வேறு கேள்வி. எனக்கு இரண்டாவதுதான் முக்கியம். உயிரியல் ஆய்வாளர் ஜெசிகா மெய்ர் குழு 2019இல் வெளியிட்ட ஆய்வைப் பாருங்கள். முட்டையிலிருந்து வெளிவந்த நாள் முதல் அவரையே தாய் என்று நம்பி வளர்ந்த வாத்துகளைக் காற்றுச் சுரங்கத்தில், அதாவது எதிரே காற்றை வீசவிட்டு நின்ற இடத்திலேயே பறக்கவைக்கும் ஆய்வுக் கூடத்தில், பறக்கவிட்டு, முகமூடி வழியாக ஆக்சிஜனைக் குறைத்துக்கொண்டே போனார்கள். சாதாரணக் காற்றில் 21 சதவீதம் இருக்கிற ஆக்சிஜனை 7 சதவீதம் வரை இறக்கினார்கள், அது ஏறக்குறைய 9,000 மீட்டர் உயரத்துக்குச் சமம். அப்போதும் வாத்து பறந்தது. நம்மில் ஒருவரை அப்படியே கொண்டுபோய் அந்தக் காற்றில் விட்டால் சில நிமிடங்களில் நினைவு தப்பிவிடும். இரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கிற புரதமான ஹீமோகுளோபினில், ஆல்ஃபா சங்கிலி என்ற பகுதியின் 119ஆவது இடத்தில் புரோலின் என்ற அமினோ அமிலத்துக்குப் பதில் அலனின் என்ற வேறொன்று இதற்கு இருக்கிறது, அந்த ஒரு மாற்றம் ஆக்சிஜனை இறுக்கிப் பிடிக்க உதவுகிறது. பறக்கும் தசையில் இரத்த நுண்குழாய்கள் மற்ற வாத்துகளைவிட நெருக்கம், நுரையீரலும் பெரியது. இத்தனையையும் விட்டுவிட்டு ஒரே எண்ணைப் பிடித்துத் தொங்குகிறீர்கள்.

கூந்தன்குளத்து_மருமகன்:
அப்படிச் சொல்லுங்க அக்கா! 9,000 மீட்டர்! எவரெஸ்ட்டைவிட அதிகம்! இப்போது என்ன சொல்லப்போகிறார் உங்கள் தம்பி?

பொதிகைக்காற்று:
சொல்கிறேன். அந்தக் காற்றுச் சுரங்கம் இருந்தது வான்கூவரில், கடல் மட்டத்தில். அவர்கள் நைட்ரஜனைக் கலந்து ஆக்சிஜனைத்தான் குறைத்தார்கள், காற்றின் அடர்த்தியைக் குறைக்கவில்லை. எவரெஸ்ட் உயரத்தில் காற்றே மெலிந்துபோயிருக்கும், சிறகுக்குப் பிடிமானம் கிடைக்காது, அதே எடையைத் தாங்க இன்னும் வேகமாக, இன்னும் பலமாக அடிக்க வேண்டும். மூச்சுக்கும் கஷ்டம், சிறகுக்கும் கஷ்டம், இரண்டும் சேர்ந்து வருகிற இடம் அது. சுரங்கத்தில் ஒரு கஷ்டத்தைத்தான் கொடுத்தார்கள், அதுவும் சில நிமிடங்களுக்கு. 7 சதவீதத்தில் பறந்தவையும் சில வாத்துகள்தான். இதை வைத்து எவரெஸ்ட்டைத் தாண்டியது என்று எழுதினால், வீட்டுத் தொட்டியில் நீந்தியவன் பாக் நீரிணையைக் கடந்தான் என்று எழுதுவது போல. அக்கா, உங்கள் மேல் மரியாதை உண்டு, ஆனால் வானத்தில் அளந்த எண் ஒன்றுதான், 7,290.

புதுமுகம்:
ஒரு சந்தேகம். இமயத்தைத் தாண்டுவதும் எவரெஸ்ட் உச்சிக்கு மேலே பறப்பதும் ஒன்றா? எதைப் பற்றிச் சண்டை என்று முதலில் முடிவு செய்துகொண்டால் நல்லது.

கூந்தன்குளத்து_மருமகன்:
பொதிகை, 91 வாத்து என்கிறீர்கள். உலகத்தில் இருக்கிற பட்டைத்தலை வாத்து பல்லாயிரம். கருவியும் நொடிக்கு நொடி குறிப்பதில்லை, விட்டுவிட்டுத்தான் குறிக்கும். இடைப்பட்ட நேரத்தில் ஏறி இறங்கியிருந்தால்? கருவி மாட்டாத ஒரு வாத்து 9,000இல் போயிருந்தால்? நீங்கள் பார்க்கவில்லை என்பதால் நடக்கவே இல்லை என்று ஆகிவிடுமா?

பொதிகைக்காற்று:
பார்க்காததை நடந்தது என்று சுவரில் ஒட்டலாமா? ஒரு வாத்து போயிருக்கலாம் என்று நீங்கள் எழுதியிருந்தால் நான் வாயே திறந்திருக்க மாட்டேன். "எவரெஸ்ட் உச்சிக்கு மேலே பறந்து நம் குளத்துக்கு வரும்" என்று எழுதினீர்கள், வருடா வருடம் பஸ் பிடித்து வருகிறது போல! அந்த 91 வாத்துகளின் பதிவுகளில் 95 சதவீதம் 5,489 மீட்டருக்குக் கீழேதான். அவை உச்சிகளைத் தேடிப் போகவில்லை, பள்ளத்தாக்கு வழியாக வந்தன, அதற்காக நேர்வழியைவிட 112 கிலோமீட்டர் சுற்றிப் பறந்தன.

யாழ்ப்பாணத்து_வாசகன்:
இடையில் வருவதற்கு மன்னிக்கவும். நீங்கள் எல்லாரும் 'வாத்து வாத்து' என்று எழுதுகிறீர்கள், தமிழ்நாட்டில் நெல்வயலில் மேய்க்கிற சின்னதையும் வாத்து என்றுதான் சொல்கிறீர்கள். எங்கட ஊரில் அது தாரா. இந்தப் பெரிய இனத்துக்குத்தான் வாத்து என்று பெயர். இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்துக்கொண்டு மீட்டர் கணக்குப் பார்த்து என்ன பயன்?

ஏட்டுச்சுவடி:
வாத்துமில்லை தாராவுமில்லை, இதுதான் அன்னம். பழைய இலக்கியத்தில் இமயத்திலிருந்து தெற்கே வரும் அன்னம் என்று பாடியது இந்தப் பறவையைத்தான். நம் முன்னோருக்கு எல்லாம் தெரிந்திருந்தது. அப்புறம், 'பட்டைத்தலை' தவறு, 'வரித்தலை' என்பதுதான் நல்ல தமிழ்.

பொதிகைக்காற்று:
பெயரை என்ன வேண்டுமானாலும் வையுங்கள். அன்னம் என்று கூப்பிட்டால் இன்னும் 1,559 மீட்டர் மேலே ஏறிவிடுமா? தலையில் இரண்டு கறுப்புப் பட்டை இருக்கிறது, பட்டைத்தலை என்று ஊரே சொல்கிறது. அன்னம் வாத்துதான் என்று சொல்கிறவர்கள் உண்டு, அது வேறு என்று சொல்கிறவர்களும் உண்டு, அதற்குத் தனியாக இழை தொடங்குங்கள் ஐயா.

ஏட்டுச்சுவடி:
உங்களுக்கு இலக்கியம் என்றாலே எரிச்சல். போன வருடமும் இப்படித்தான் என்னை மட்டம் தட்டினீர்கள்.

கூந்தன்குளத்து_மருமகன்:
ஐயாவை விடுங்க, இவர் எல்லாரையும் அப்படித்தான் பேசுவார். போன வருடம் சங்குவளை நாரையைப் படம் பிடித்துச் செங்கால் நாரை என்று போட்டவர் யார்? நான்தானே திருத்தினேன்? அந்தக் கோபத்தை மனதில் வைத்துக்கொண்டுதான் இன்று என் படத்தை நோண்டுகிறீர்கள், பொதிகை. எல்லாருக்கும் தெரியட்டும்.

பொதிகைக்காற்று:
அந்தப் படத்தை ஒரு மணி நேரத்தில் திருத்தினேன், தவறு என்று எழுதினேன். நீங்கள் மூன்று நாளாகத் திருத்தவில்லை. வித்தியாசம் அங்கேதான் இருக்கிறது. நாரையைத் திருத்திய கைக்கு வாத்தைத் திருத்த ஏன் வரவில்லை?

வானவூர்தி:
இரண்டு பேரும் சின்ன உயரத்துக்குச் சண்டை போடுகிறீர்கள். 1973இல் மேற்கு ஆப்பிரிக்காவில் அபிஜான் நகருக்கு மேலே ஏறக்குறைய 11,300 மீட்டரில் விமானத்தில் மோதியது ஒரு ரூப்பல் பிணந்தின்னிக் கழுகு. வாத்தெல்லாம் அதற்குக் கீழேதான்.

கூந்தன்குளத்து_மருமகன்:
பார்த்தீர்களா? கழுகு 11,300 போகும்போது வாத்து 8,849 போகாதா?

பொதிகைக்காற்று:
கழுகு சிறகை விரித்து, மேலே எழும் காற்றில் ஏறி மிதக்கிறது. வாத்து சிறகடித்துக்கொண்டே போக வேண்டும், பின்னாலிருந்து தள்ளுகிற வால்காற்றின் உதவிகூட அதற்குப் பெரும்பாலும் கிடைப்பதில்லை என்று அந்த 2013 ஆய்வே சொல்கிறது. அதுவும் விமானத்தில் மோதிய கழுகு நம் குளத்து வாத்துக்குச் சாட்சி சொல்லுமா? என் கேள்விக்கு மட்டும் பதில் சொல்லுங்கள். 8,849இல் அளந்த வாத்து எங்கே?

கோழிப்பண்ணை_நாமக்கல்:
நீங்கள் உயரம் பேசுங்கள், எனக்கு வயிறு எரிகிறது. இந்த வெளிநாட்டுப் பறவைகள்தான் பறவைக் காய்ச்சலைக் கொண்டுவருகின்றன. 2005 மே மாதம் சீனாவின் சிங்ஹாய் ஏரியில் எச்5என்1 வைரஸில் ஆயிரக்கணக்கில் பறவைகள் செத்தன, அதில் பெரும்பங்கு இதே வாத்துதான். ஒவ்வொரு முறை செய்தி வரும்போதும் முட்டை விலை இறங்கி அடி வாங்குவது நாங்கள். விருந்தாளியாம்!

ஆய்வக_அக்கா:
அண்ணே, உங்கள் கஷ்டம் புரிகிறது, ஆனால் பழியைத் திருப்பிப் போடுகிறீர்கள். அந்த வைரஸ் கொடியதாக மாறியது நெருக்கி அடைத்த வளர்ப்புப் பறவைகளிடம். காட்டு நீர்ப்பறவைகளின் குடலில் பெரும்பாலும் சாதுவான வகைகள்தான் தங்கியிருக்கும், பறவைக்குப் பெரிய தொந்தரவு தராது. சிங்ஹாயில் செத்தது வாத்து, அது குற்றவாளி என்பதைவிடப் பலியான பறவை. இந்த வாத்துகளுக்குக் கருவி மாட்டியதற்கு ஒரு காரணமே காய்ச்சல் எந்த வழியில் பரவுகிறது என்று பார்ப்பதுதான், அதிலிருந்துதான் உயரக் கணக்கும் கிடைத்தது.

கோழிப்பண்ணை_நாமக்கல்:
படித்தவர்கள் எப்போதும் பண்ணைக்காரனைத்தான் சொல்வீர்கள். நான் கொட்டகைக்குள் செருப்புகூட மாற்றிப் போட்டுத்தான் நுழைகிறேன். குளத்துத் தண்ணீரை வயலுக்குப் பாய்ச்சுகிறார்களே, அதில் என்ன கிருமி இருக்கிறது என்று யாராவது பார்த்தார்களா?

கூந்தன்குளத்து_மருமகன்:
அந்தத் தண்ணீரைப் பற்றி ஒரு வார்த்தை பேசாதீர்கள்! பறவை எச்சம் கலந்த தண்ணீர்தான் எங்கள் மாமனார் வயலுக்கு உரம். தலைமுறை தலைமுறையாகப் பாய்ச்சுகிறார்கள், பறவை வந்தால் விளைச்சல் வரும் என்று நம்புகிற ஊர் அது. நாமக்கல்லில் உட்கார்ந்துகொண்டு எங்கள் ஊர் மேல் பழி போடாதீர்கள்.

பொதிகைக்காற்று:
காய்ச்சலுக்கும் வயலுக்கும் போய்விட்டால் எண் மறந்துபோகும் என்று நினைக்காதீர்கள் மருமகன். நான் ஏன் இவ்வளவு பேசுகிறேன் தெரியுமா? உண்மைக் கதை உங்கள் பொய்யைவிடப் பெரியது, அதை நீங்கள் மறைத்துவிட்டீர்கள். 2015இல் இன்னொரு ஆய்வு வந்தது, வாத்துகளின் உடம்புக்குள்ளேயே கருவி வைத்து இதயத் துடிப்பையும் சிறகடிப்பையும் பதிந்தார்கள். அந்த வாத்து ஒரே உயரத்துக்கு ஏறி அங்கேயே நிற்பதில்லை. மலை ஏறினால் ஏறுகிறது, மலை இறங்கினால் கூடவே இறங்கிவிடுகிறது, கஷ்டப்பட்டு ஏறிய உயரத்தையே விட்டுவிட்டு மறுபடி ஏறுகிறது. மெலிந்த காற்றில் சிறகை அடிப்பது அவ்வளவு செலவு, அதனால் தரையை ஒட்டியே போகிறது. பல நேரம் இரவிலும் விடியற்காலையிலும் பறக்கிறது, அப்போது காற்று குளிர்ந்து அடர்த்தியாக இருக்கும். தன் மூச்சு எவ்வளவு தாங்கும் என்று கணக்குப் பார்த்து வருகிற பறவை அது. நான் பதினொரு வருடமாக டிசம்பரிலும் ஜனவரியிலும் அந்தக் கரையில் நின்று எண்ணுகிறேன், ஒவ்வொரு முறை அது வந்து இறங்கும்போதும் எனக்குத் தொண்டை அடைக்கிறது. அதை எவரெஸ்ட்டுக்கு மேலே ஏற்றி வித்தைக்காரனாக்கினால் எனக்குக் கோபம் வரத்தான் செய்யும்.

கூந்தன்குளத்து_மருமகன்:
உங்களுக்கு மட்டும்தான் தொண்டை அடைக்குமா? ஒரு குஞ்சு கூட்டிலிருந்து விழுந்தால் எடுத்து வளர்க்கிற ஊரில் வாழ்கிறேன் நான். பிள்ளைகள் "எவரெஸ்ட்" என்ற சொல்லைப் பார்த்துத்தான் நின்று படிக்கிறார்கள். "5,489 மீட்டருக்குக் கீழே பெரும்பாலும் பறக்கும்" என்று எழுதினால் எந்தப் பிள்ளை நிற்கும்?

ஆய்வக_அக்கா:
நிற்பார்கள், சொல்கிற விதத்தில் சொன்னால். ஆனால் பொதிகை, முடியாது என்றும் எழுதாதீர்கள். 7 சதவீதத்தில் பறந்திருக்கிறது.

பொதிகைக்காற்று:
முடியாது என்று நான் எங்கே எழுதினேன்? மேலே போய்ப் படியுங்கள் அக்கா. அளக்கவில்லை என்றேன். கடல் மட்டச் சுரங்கத்தில் பறந்தது.

யாழ்ப்பாணத்து_வாசகன்:
நான் கேட்டதற்கு ஒருவரும் மறுமொழி சொல்லவில்லை. வாத்தா, தாராவா?

புதுமுகம்:
நான் கேட்டதற்கும்.

கூந்தன்குளத்து_மருமகன்:
படம் சுவரில் அப்படியே இருக்கும். அடுத்த மாதம் இன்னும் ஐம்பது அடிக்கப்போகிறேன். எவரெஸ்ட் என்றுதான் போடுவேன்.

பொதிகைக்காற்று:
போடுங்கள். ஒவ்வொரு சுவருக்கும் சுண்ணாம்புக்கட்டியோடு வருவேன், பக்கத்திலேயே எழுதிவிட்டுப் போவேன். 7,290.