தானாக இயங்கும் தொலைநோக்கிக்கு நிரல் எழுதிய மலையகப் பிள்ளைகளே, உங்கள் அனுபவம் என்ன?

பண்டாரவளையிலிருந்து:

கம்பஸ் கடைசி வருடத்தில் நாங்கள் நால்வர் எடுத்த புரொஜெக்ட் இது. ஆள் பக்கத்தில் நிற்காமலே கூரையைத் திறந்து, நட்சத்திரத்தைத் தேடிப் பிடித்து, படம் எடுத்து, விடியுமுன் மூடிக்கொள்ளும் தொலைநோக்கி. இதே வேலையில் இறங்கியவர்கள் இங்கே இருப்பீர்கள் என்று நம்பி எழுதுகிறேன்.

முதல் ஐந்து மாதம் தொலைநோக்கியே எங்கள் கண்ணில் படவில்லை. ராஸ்பெரி பை என்ற சிறு கணினியில், தொலைநோக்கிக் கருவிகளை இயக்கும் இண்டி மென்பொருளை நிறுவினோம். அதோடு வருகிற மவுண்ட் (தொலைநோக்கியைத் தாங்கித் திருப்பும் பகுதி) சிமுலேட்டரையும் கமரா சிமுலேட்டரையும், அதாவது கருவிகளைப் போல நடிக்கும் நிரல்களை, வைத்தே எழுதினோம். இப்போது தொடங்குகிறவர்களுக்கும் அதையே சொல்வேன். மவுண்ட், கமரா, படத்தைக் கூர்மையாக்கும் ஃபோகசர் ஒவ்வொன்றுக்கும் தனி டிரைவர், அதாவது அந்தக் கருவியை இயக்கும் சிறு மென்பொருள். நம் நிரல் 7624ஆம் போர்ட் வழியாக அவற்றோடு பேசும். நிஜக் கருவி வந்ததும் டிரைவரை மட்டும் மாற்றினால் போதும்.

ஆனால் கையில் கிடைத்த பழைய மவுண்டுக்கு, எல்எக்ஸ்200 என்ற தொலைநோக்கிக் கட்டளை மொழியின் கட்டளைகளை நேரடியாக அனுப்பும் சிறு நிரல் ஒன்றையும் நாங்களே எழுதினோம். அங்கேதான் மாட்டிக்கொண்டோம். வியாழன் கிழக்கில் பளிச்சென்று நிற்கிறது. மவுண்டோ அது அடிவானத்துக்குக் கீழே இருக்கிறது என்று சொல்லி அசைய மறுக்கிறது. மூன்று இரவு போனது. காரணம் தீர்க்கரேகை. அந்தக் கட்டளை மொழியில் மேற்கு நோக்கித்தான் பாகைகளை எண்ணுவார்கள். நாம் இருப்பது கிழக்கே 81 பாகையில், நாங்கள் அப்படியே 81 என்று கொடுத்தோம். மவுண்ட் தான் பனாமாவுக்குத் தெற்கே பசிபிக் கடலில் இருப்பதாக நினைத்துக்கொண்டது. 360இல் 81ஐக் கழித்து 279 கொடுத்தபின் வியாழன் படத்துக்குள் வந்தது. அன்று குளிரில் விடியும்வரை யாரும் உள்ளே போகவில்லை.

நுவரெலியாவிலிருந்து:

அண்ணா, எங்களுக்குத் துருவ நட்சத்திரம்தான் பிரச்சினை. நாம் 7 பாகை வடக்கில் இருக்கிறோம், அதனால் அது அடிவானத்திலிருந்து 7 பாகை உயரத்தில்தான் நிற்கும். எங்கள் இடத்தில் பிதுருதலாகல மலையே அதை மறைத்துவிடுகிறது. துருவ நட்சத்திரத்தைப் பார்த்து மவுண்டைச் சீராக்குங்கள் என்கிற வழிகாட்டி எதுவும் எங்களுக்கு உதவவில்லை. கடைசியில் வானத்தின் வேறு பகுதியில் மூன்று படம் எடுத்து, அதிலுள்ள நட்சத்திரங்களை அட்டவணையோடு ஒப்பிட்டு, மவுண்டின் அச்சு எவ்வளவு விலகியிருக்கிறது என்று கணக்கிடும் வழிக்கு வந்தோம். நம் ஊருக்கு இதுதான் சரி.

ஹட்டன் பக்கத்திலிருந்து:

நான் மாணவன் இல்லை. எங்கள் ஊர்ப் பிள்ளைகளின் புரொஜெக்டுக்கு வயரிங் செய்து கொடுத்தவன். தண்டவாளத்தில் நகரும் தகரக் கூரை அது.

தம்பி தங்கச்சிமாரே, வானத்தைக் காட்டுகிற கோட் எல்லாரும் நன்றாக எழுதுகிறீர்கள். கூரையை மூடுகிற நிரலைத்தான் கடைசி வாரத்துக்கு வைக்கிறீர்கள். இங்கே பத்து நிமிடத்தில் பனிமூட்டம் இறங்கி எதிர்மலை மறைந்துவிடும். மழை சென்சருக்கு அது தெரியவே தெரியாது. வெப்பநிலையும் ஈரப்பதனும் வாங்கிப் பனிநிலையை (காற்றிலுள்ள ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலை) கணக்கிட்டு, தொலைநோக்கிக் குழாயின் சூடு அதை நெருங்கும்போதே மூடச் சொல்ல வேண்டும்.

2022இல் நாளுக்கு 13 மணி நேரம் வரை கரண்ட் போன காலத்தில் ஓர் இரவு. ராஸ்பெரி பை பேட்டரியில் ஓடிக்கொண்டிருந்தது, ஆனால் வானிலைத் தரவு வருகிற ரவுட்டர் நின்றுவிட்டது. கடைசியாக வந்த ‘வானம் தெளிவு’ என்ற செய்தியையே நிரல் நம்பிக்கொண்டிருந்தது. கூரை திறந்தபடி, மழை கொட்டுகிறது. கமரா போனது. அந்தப் பிள்ளைகளின் முகத்தை என்னால் இன்னும் மறக்க முடியவில்லை.

அப்புறம் இரண்டு மாற்றம் செய்தோம். ஒரு நிமிடத்துக்கு மேல் பழசான எந்தத் தரவையும் மோசமான வானிலை என்றே எடுக்கும்படி நிரலை மாற்றினார்கள். கூரையை நான் ஆர்டுயினோ என்ற தனிச் சிறு கட்டுப்பாட்டுப் பலகையிடம் கொடுத்து, அதற்கும் மோட்டாருக்கும் தனி பேட்டரி வைத்தேன். பத்து விநாடிக்கு ஒருமுறை நிரலிடமிருந்து சமிக்ஞை வராவிட்டால் அது தானாக மூடிவிடும். குழாய் எப்படி நின்றாலும் மூடும் கூரை அதில் இடிக்காதபடி சுவரையும் ஒன்றரை அடி உயர்த்தினோம்.

பண்டாரவளையிலிருந்து:

அண்ணே, எங்கள் நிரலைத் திறந்து பார்த்தேன். தரவு எத்தனை மணிக்கு வந்தது என்று எங்கேயும் பார்க்கவே இல்லை. இன்றிரவு கூரையைத் திறக்காமல் அதைத்தான் முதலில் திருத்தப் போகிறோம். அந்த ஆர்டுயினோ இணைப்பின் படம் இருந்தால் போடுங்கள்.