லேபர் ரூமிலிருந்து டாக்டருக்கு எப்போது போன் போக வேண்டும்?

ஸ்டாஃப் நர்ஸ், ஆரம்ப சுகாதார நிலையம்

பி.பி.யில் தொடங்குகிறேன் சிஸ்டர்ஸ். 20 வாரத்துக்கு மேல் 140/90 வந்தாலே டாக்டருக்குத் தெரிய வேண்டும். ஆனால் அளந்த விதம் சரியா என்று முதலில் பாருங்கள். படியேறி வந்த மூச்சோடு அளந்தால் கூடுதலாகக் காட்டும், பருத்த கையில் சின்ன கஃப் கட்டினாலும் அப்படித்தான். உட்கார வைத்து, கையை நெஞ்சு மட்டத்தில் வைத்து மறுபடி அளக்கவும்.

யூரினில் ஆல்புமின் (புரதம்) இருந்தாலோ, தலைவலி, கண் மங்கல், மேல்வயிற்று வலி என்று ஏதாவது சொன்னாலோ இரண்டாவது அளவுக்காக 4 மணி நேரம் காத்திருக்க வேண்டாம். மேல்வயிற்று வலியை வாயு என்று எண்ணி அசிடிட்டி மாத்திரை கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள். கல்லீரல் வீங்கி அதன் உறை இழுபடுவதால் வரும் வலி அது. வலிப்புக்கு முன்னால் கிடைக்கும் கடைசி எச்சரிக்கையாகவும் அது இருக்கலாம்.

160/110 தொட்டு இந்த அறிகுறிகளும் இருந்தாலோ, வலிப்பே வந்துவிட்டாலோ, போன் ஒரு கையில், வலிப்பைத் தடுக்கும் மக்னீசியம் சல்பேட் மறு கையில். 50% ஆம்பூல் 2 மி.லி.யில் 1 கிராம் இருக்கும். ஒரு பிட்டத்துக்கு 5 ஆம்பூல் வீதம் இரண்டு பக்கமும் ஆழமாகத் தசையில், மொத்தம் 10 கிராம். போட்ட மணியையும் அளவையும் ரெஃபரல் சீட்டில் பெரிதாக எழுதுங்கள். எழுதாவிட்டால் போகிற இடத்தில் மறுபடி முழு டோஸ் போட்டுவிடுவார்கள், மூச்சு அடங்கிப் போகும். மக்னீசியம் கூடிப்போனால் முறிக்க, கால்சியம் குளுக்கோனேட் 10% ஆம்பூல் 10 மி.லி. அதே டிரேயில் இருக்கட்டும்.

லேபர் வார்டு பொறுப்பு செவிலியர், சீமாங் மையம் (அவசர பிரசவ, பச்சிளங்குழந்தை சிகிச்சை மையம்)

எங்களிடம் வரும் கேஸ்களில் மனசு வலிப்பது, ஒரு மணி நேரம் முன்னால் வந்திருக்கலாமே என்று தோன்றுகிற கேஸ்கள்தான். பிரசவம் எப்படி முன்னேறுகிறது என்று குறிக்கும் வரைபடமான பார்ட்டோகிராமில், கர்ப்பப்பை வாய் 4 செ.மீ. விரிந்த பிறகு மணிக்கு 1 செ.மீ. என்பது அலர்ட் கோடு. அதற்கு வலப்பக்கம் 4 மணி நேரம் தள்ளி ஆக்‌ஷன் கோடு. அந்த 4 மணி நேரம் வண்டி வரவும் வழியில் போகவும் கொடுக்கப்பட்ட நேரம், இன்னும் கொஞ்சம் பார்க்கலாம் என்று உட்கார அல்ல. கோடு அலர்ட்டைத் தாண்டினால் உடனே 108.

அடுத்தது ரத்தப்போக்கு. 500 மி.லி. என்று புத்தகம் சொல்லும், ஆனால் கண்ணால் கணித்தால் எப்போதும் குறைத்தே சொல்வோம். ஒரு பேட் 5 நிமிடத்துக்குள் முழுதாக நனைந்தால் அதுவே போதும், அளந்துகொண்டிருக்க வேண்டாம். தொப்புள் மேல் கை வைத்துப் பாருங்கள். கர்ப்பப்பை தேங்காய் மாதிரி கெட்டியாக இருக்க வேண்டும். மாவு மாதிரி குழைந்து மேலே ஏறிக்கொண்டே போனால் உள்ளே ரத்தம் தேங்குகிறது. தேய்த்துவிட்டு, சிறுநீர்ப்பையைக் காலி செய்து, கர்ப்பப்பையைச் சுருங்க வைக்கும் ஆக்ஸிடோசின் 20 யூனிட்டை டிரிப்பில் ஓடவிட்டு, ரத்தப்போக்கைக் குறைக்கும் டிரானெக்ஸாமிக் ஆசிட் 1 கிராமை 10 நிமிடத்தில் மெதுவாக ரத்தக்குழாயில் (ஐ.வி.) கொடுங்கள். பிரசவமாகி 3 மணி நேரத்துக்குள் கொடுத்தால்தான் பலன். கெட்டியாக இருந்தும் ரத்தம் நிற்கவில்லையென்றால் கிழிசலைத் தேடுங்கள்.

நஞ்சு (பிளசென்டா) 30 நிமிடத்தில் விழவில்லையென்றால் இழுக்காதீர்கள், கூப்பிடுங்கள். விழுந்தாலும் உள்ளங்கையில் ஏந்தி மடல்கள் பிளவில்லாமல் பொருந்துகின்றனவா என்று பாருங்கள். சவ்வில் ஒரு ரத்தக்குழாய் விளிம்பு வரை ஓடி ஓட்டையில் அறுந்து நின்றால், தனி மடல் ஒன்று உள்ளே தங்கியிருக்கிறது.

பிரசவத்துக்கு முன்னால் ரத்தம் போகிறதா? உள்ளே விரல் போடவே கூடாது. பிளசென்டா கீழே இருந்தால் அந்த ஒரு பரிசோதனையே வெள்ளமாகத் திறந்துவிடும்.

கிராம சுகாதார செவிலியர்

ஹீமோகுளோபின் 7-க்குக் கீழே இருந்தால் மாத்திரை கொடுத்து அனுப்பாமல் டாக்டரிடம் அழைத்துப் போங்கள். 34 வாரத்துக்கு முன் வலி வந்தால் குழந்தையின் நுரையீரல் முதிர உதவும் டெக்ஸாமெதாசோன் 6 மி.கி. முதல் ஊசி பற்றி போனிலேயே கேட்டு, போட்டுவிட்டு அனுப்புங்கள். பனிக்குடம் உடைந்து வலி வரவில்லையென்றால் உடைந்த மணியைக் குறித்துவிட்டு அனுப்புங்கள்.

எஸ்.என்.சி.யூ. செவிலியர்

பச்சிளங்குழந்தைகளின் சிறப்புச் சிகிச்சைப் பிரிவிலிருந்து, குழந்தையைப் பற்றி. முதல் 24 மணி நேரத்தில் மஞ்சள் தெரிந்தால் அது எந்தக் குழந்தைக்கும் இயல்பில்லை. வெயிலில் காட்டச் சொல்லாமல் அன்றே அனுப்ப வேண்டும். டியூப்லைட்டில் பார்க்காமல் ஜன்னல் பக்கம் தூக்கிப் போய், நெற்றியை விரலால் அழுத்தி எடுங்கள். வெளுத்த இடத்தில் மஞ்சள் தெரியும். உள்ளங்கால் வரை இறங்கியிருந்தால் எந்த நாளானாலும் அவசரம்.

மூச்சை ஒரு நிமிடம் முழுதாக எண்ணுங்கள். பிறந்த குழந்தை விட்டு விட்டு மூச்சு விடும், 15 விநாடி எண்ணி நாலால் பெருக்கினால் தப்பாகும். 60-ஐத் தொட்டால் மறுபடி எண்ணிப் பாருங்கள். அப்போதும் அப்படியே இருந்தாலோ, நெஞ்சு உள்வாங்கினாலோ, பால் குடிக்க மறுத்துத் துவண்டு கிடந்தாலோ போன் போடுங்கள். காய்ச்சல் மட்டும் கிருமித் தொற்றின் அடையாளமில்லை, உடம்பு ஜில்லிட்டுப் போவதும்தான். பச்சை வாந்தி எடுத்தால் குடல் முறுக்கியிருக்கலாம். அதற்குக் காத்திருப்பு கிடையாது, பால் நிறுத்தி அனுப்புங்கள். 24 மணி நேரத்தில் மலம் போகவில்லையென்றாலும் சொல்லுங்கள். எடை 1800 கிராமுக்குக் கீழே என்றால் அழகாக அழுதாலும் எங்களிடம் வரட்டும்.

ஸ்டாஃப் நர்ஸ், ஆரம்ப சுகாதார நிலையம்

டாக்டரிடம் எப்படிச் சொல்வது என்பதும் முக்கியம். 'சார், பேஷன்ட் கொஞ்சம் சரியில்லை' என்றால் அவருக்கு எதுவும் புரியாது. 'இரண்டாவது பிரசவம், குழந்தை பிறந்து 20 நிமிடம், 600 மி.லி. போயிருக்கு, பல்ஸ் 120, பி.பி. 90/60, கர்ப்பப்பை தளர்ந்திருக்கு, ஆக்ஸிடோசின் ஓடுது, நீங்க இப்போ வரணும்' என்று முதல் மூச்சிலேயே சொல்லுங்கள். கடைசி வாக்கியத்தை விடவே கூடாது. போன் பண்ணிய மணியைக் கேஸ் ஷீட்டில் எழுதுங்கள்.

எஸ்.என்.சி.யூ. செவிலியர்

குழந்தையை 108-இல் அனுப்பும்போது துணி சுற்றி மடியில் படுக்க வைத்தால் எங்களிடம் வரும்போது கால் ஐஸாக இருக்கும். மூச்சு சீராக இருந்தால் அம்மாவின் நெஞ்சில், தோலோடு தோல், தொப்பி போட்டு, மேலே புடவையால் இறுக்கிக் கட்டி அனுப்புங்கள். அம்மா வர முடியாவிட்டால் பாட்டி நெஞ்சிலும் வைக்கலாம். வைட்டமின் கே போட்டாயிற்றா, கடைசியாக எப்போது பால் குடித்தது என்று இரண்டு வரி சீட்டில் இருந்தால் போதும்.